காத்தாடியின் சூத்திரம்: பறத்தல் குறித்துச் சில குறிப்புகள்

1

விமானம் எப்படிப் பறக்கிறது என்று கேட்டால், நம்மில் படித்தவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். இறக்கையின் மேற்புறம் வளைந்திருக்கிறது, கீழ்ப்புறம் தட்டையாக இருக்கிறது. முன்விளிம்பில் இரண்டாகப் பிரிகிற காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் மறுபடி சேர்ந்தாக வேண்டும். மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம், ஆகவே அது வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று பெர்னூலி 1738இலேயே சொல்லியிருக்கிறார். மேலே அழுத்தம் குறைவு, கீழே அதிகம், இறக்கை மேலே தூக்கப்படுகிறது. பாடப்புத்தகங்கள், பொது அறிவுக் கையேடுகள், சிறுவர் அறிவியல் நூல்கள் எனப் பலவற்றில் பல தலைமுறைகளாக இந்த விளக்கம் புழங்கிவருகிறது.

பெர்னூலி சொன்னதில் தவறில்லை. அழுத்த வித்தியாசம் உண்டு என்பதிலும் தவறில்லை. ஆனால் இந்த விளக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியம் சாட்சியமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது: பிரிந்த காற்று ஒரே நேரத்தில் சேர்ந்தாக வேண்டும். ஏன் சேர வேண்டும்? இயற்பியலில் அப்படி ஒரு விதி கிடையாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பாபின்ஸ்கி 2003இல் வெளியிட்ட கட்டுரையில், காற்றுச் சுரங்கத்தில் புகையைத் துண்டு துண்டாக விட்டு எடுத்த படங்கள் இருக்கின்றன. மேலே போன புகைத் துண்டு, தன்னோடு கிளம்பிக் கீழே போன துண்டுக்கு வெகு முன்பாகவே பின்விளிம்பைத் தாண்டிவிடுகிறது. பிரிந்த இரண்டும் மறுபடி சந்திப்பதே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இந்த விளக்கம் நிற்காது. செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய 1,100 கிலோ, இறக்கைப் பரப்பு 16 சதுர மீட்டர், வேகம் நொடிக்கு 60 மீட்டர் சுமார். இறக்கையின் மேற்பாதை கீழ்ப்பாதையைவிட 2 சதவீதம் நீளம் என்று வைத்தால், 'ஒரே நேரத்தில் சேரும்' விதிப்படி மேற்காற்றின் வேகமும் 2 சதவீதம்தான் கூடும். அந்த வித்தியாசம் தூக்கக்கூடியது சுமார் 150 கிலோ. மிச்சம் 950 கிலோவை யார் தூக்குவது?

இன்னொரு சாட்சியம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மொட்டை மாடிகளிலிருந்து ஏறுகிற காத்தாடி வெறும் தாள். அதன் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே நீளம். காசிமேட்டுக் கட்டுமரங்களில் மோட்டார் வருவதற்கு முன்பு கட்டிய பாய் வெறும் துணி. அதன் இரண்டு பக்கமும் ஒரே நீளம். பாடப்புத்தகத்தின் விளக்கப்படி காத்தாடி ஏறக்கூடாது, எதிர்க்காற்றுக்குச் சாய்ந்து கட்டுமரம் முன்னேறக்கூடாது. ஆனால் காத்தாடி ஏறுகிறது, கட்டுமரமும் போனது. இங்கே பொய்யாவது காத்தாடியா, புத்தகமா?

2

அடிப்படையிலிருந்து வருவோம். காற்று ஒரு பொருள். அதற்கு எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ. ஒரு சின்ன வகுப்பறைக்குள் இருக்கும் காற்றே நூறு, நூற்றைம்பது கிலோ தேறும். 'காற்றில் கரைந்தது', 'வெறும் காற்று' என்று எழுதிப் பழகிய நமக்கு இது உறைப்பதில்லை. எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலோரத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்தவர்களுக்குக் காற்று ஒரு பொருள் என்பதும், அதில் என்ன கலந்தாலும் அது உடம்புக்குள் வரும் என்பதும் தெரியும்.

காற்றுக்கு எடை உண்டு என்றால் அதை வைத்து மேலே போக இரண்டு வழிகள். ஒன்று பலூன் வழி. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்துதான் தொடங்கியது. அப்படி ஒரு பலூனில் ஹைட்ரஜனோ ஹீலியமோ அடைத்தால், தான் இடம்பெயர்த்த காற்றைவிட எடை குறைவாக இருப்பதால் மிதக்கும். தண்ணீரில் கட்டை மிதப்பதும் இதே கணக்குதான். அது பறத்தல் அல்ல, மிதத்தல்.

இரண்டாவது, காற்றைவிடக் கனமான பொருள் மேலே நிற்கும் வழி. அதற்கு ஒன்றே ஒன்றுதான் செய்ய வேண்டும். காற்றைப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும். நீ காற்றைக் கீழே தள்ளினால் காற்று உன்னை மேலே தள்ளும். நியூட்டன் 1687இல் எழுதிய மூன்றாம் விதி இது. பருந்து, காத்தாடி, ஹெலிகாப்டர், ஜெட் விமானம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு விதிதான்.

எவ்வளவு காற்று? 70 டன் எடையுள்ள ஏர்பஸ் 320 மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் மீனம்பாக்கத்தில் தரையை விட்டு எழும்புகிறது என்று வைப்போம். தோராயக் கணக்கில் அது ஒவ்வொரு நொடியும் 80 டன் காற்றை, நொடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில், கீழ்நோக்கித் திருப்பியாக வேண்டும். அதாவது தன் எடையைவிட அதிகமான காற்றை நொடிதோறும். விமானம் சும்மா மேலே தொங்கவில்லை. அது அங்கே ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

3

காத்தாடி விடுகிற பையனைக் கவனியுங்கள். அவன் முதலில் செய்வது சூத்திரம் போடுவது. காத்தாடியின் நடுக்குச்சியில் மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு. இரண்டும் சேருகிற இடத்தில் விடுகிற நூலைக் கட்டுகிறான். இந்த இணைப்பு நூலுக்குத்தான் சூத்திரம் என்று பெயர், வாய்மொழியில் 'சூஸ்திரம்'. சூத்திரம் என்ற சொல்லுக்கு நூல் என்றும் பொருள், இயந்திரம் என்றும் பொருள், இலக்கணத்தின் நூற்பா என்றும் பொருள், கணக்கின் வாய்பாடு என்றும் பொருள். தமிழ் படித்தவர்கள் தொல்காப்பியத்தில் தேடுகிற சொல்லை இந்தப் பையன் விரலிடுக்கில் வைத்திருக்கிறான்.

இந்த முடிச்சு என்ன செய்கிறது? காத்தாடி காற்றுக்கு எத்தனை பாகை சாய்ந்து நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சாய்வே இல்லாமல் கத்திபோலக் காற்றோடு படுத்துக்கிடந்தால் காற்று திரும்பாமல் போய்விடும், காத்தாடி படபடவென்று அடித்துக்கொண்டு இறங்கும். அதிகமாகச் சாய்ந்தால் சுவர்போல முட்டிக்கொண்டு நிற்கும், ஏறாது. நடுவில் ஒரு சாய்வு இருக்கிறது. அதில் காற்று கீழே வழுக்கிப் போகிறது, காத்தாடி மேலே ஏறுகிறது. கடக்காத்து பலமாக இருந்தால் சாய்வைக் குறைக்க வேண்டும். காற்று மந்தமானால் கூட்ட வேண்டும். "மேல்நூலைக் கொஞ்சம் நீட்டி வுடுடா, சாய்வு பத்தல" என்று மாடியில் கேட்கிற பேச்சு இதுதான்.

விமானமோட்டி செய்வதும் இதுவே. வேகமாகப் போகும்போது இறக்கையின் சாய்வு குறைவாக இருந்தால் போதும். இறங்கும்போது வேகம் குறைகிறது, அதே எடையைத் தாங்க மூக்கைத் தூக்கிச் சாய்வைக் கூட்டுகிறார். இதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண விமான இறக்கைக்கு ஏறக்குறைய 15 பாகை. அதைத் தாண்டினால் மேற்புறத்துக் காற்று இறக்கையை விட்டுப் பிய்த்துக்கொள்ளும், தூக்குவிசை சரியும், விமானம் விழத் தொடங்கும். காத்தாடி போன்ற குட்டையான, அகலமான வடிவத்துக்கு இந்த எல்லை இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும். தலைகீழாகப் பறக்கிற சாகச விமானங்களுக்கும் இதுவே விளக்கம். வளைவு எந்தப் பக்கம் இருந்தாலும் சாய்வைச் சரியாக வைத்தால் காற்று கீழே திரும்பும். வளைவு வேண்டாம் என்பதல்ல. வளைவு இருந்தால் காற்று மென்மையாகத் திரும்பும், இழுவை குறையும், எரிபொருள் மிச்சமாகும். வளைவு ஒரு மேம்பாடு, பறத்தலின் காரணம் அல்ல.

அப்படியானால் அழுத்தம்? அதுவும் உண்மைதான். கல்லைக் கயிற்றில் கட்டிச் சுழற்றினால், அதை வளைந்து போகவைக்க உள்நோக்கி இழுக்க வேண்டியிருக்கிறது. காற்றும் இறக்கையின் மேல் வளைந்து கீழே திரும்புகிறது. காற்றைக் கயிறு கட்டி இழுக்க முடியாது, அழுத்த வித்தியாசம்தான் வளைக்க முடியும். வளைவுக்கு வெளியே உயரத்தில் சாதாரண வாயுமண்டல அழுத்தம், வளைவுக்கு உள்ளே இறக்கையை ஒட்டி அதைவிடக் குறைந்த அழுத்தம். இறக்கையின் கீழ்ப்பக்கம் இதற்கு நேர்மாறு: காற்றைக் கீழே வளைக்க இறக்கையை ஒட்டி அழுத்தம் கூடியிருக்க வேண்டும். அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிப் போகிற காற்று வேகம் பிடிக்கிறது, பெர்னூலி சொன்னது அங்கே பொருந்துகிறது. வேகம் முதல், அழுத்தம் பிறகு என்று வரிசை வைக்க முடியாது, இரண்டும் சேர்ந்தே பிறக்கின்றன. பெர்னூலியா நியூட்டனா என்று கட்சி கட்டுவது வீண். ஒரே கணக்கை இரண்டு பேரேட்டில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் எவ்வளவு சிறியது என்பதையும் பார்க்க வேண்டும். நம் தலைக்கு மேலுள்ள வாயுமண்டலம் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய 10 டன் எடையோடு அழுத்துகிறது. மேற்சொன்ன ஏர்பஸ் விமானத்தின் 70 டன்னை அதன் 122 சதுர மீட்டர் இறக்கையால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 570 கிலோ சுமார் வரும். அதாவது மேலுக்கும் கீழுக்கும் 6 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். அதில்தான் நூற்றைம்பது பேர் உட்கார்ந்து போகிறார்கள்.

4

காத்தாடி நிற்கிறது, காற்று ஓடுகிறது. விமானம் ஓடுகிறது, காற்று நிற்கிறது. இறக்கைக்கு இரண்டும் ஒன்றுதான். இயற்பியலுக்கு வேண்டியது சார்பு வேகம் மட்டுமே. அப்படியானால் காத்தாடியின் இஞ்சின் எது? நூல். காற்று காத்தாடியைப் பின்னால் தள்ளுகிறது, நூலைப் பிடித்த கை முன்னால் இழுக்கிறது. இந்த இழுவிசையைத்தான் விமானத்தில் இஞ்சின் தருகிறது. கட்டுமரத்தில் இதே வேலையைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கிய பலகை செய்தது. பாயைக் காற்று பக்கவாட்டில் தள்ள, பலகையைத் தண்ணீர் தடுத்து நிறுத்த, இரண்டுக்கும் இடையில் பிதுங்கிக் கட்டுமரம் முன்னால் போனது. வாடையிலும் கொண்டலிலும் எந்தக் கோணத்தில் பாயைக் கட்டுவது என்பது இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துத் திருத்திவந்த அறிவு.

இவ்விடத்தில் நம் கவிஞர்களிடம் ஒரு வார்த்தை. நூலறுந்த பட்டம் நம் கவிதைகளில் விடுதலையின் படிமமாக எத்தனையோ முறை வந்துவிட்டது. உண்மையில் நூல் அறுந்த காத்தாடி பறப்பதில்லை. அறுந்த கணமே அது காற்றோடு சேர்ந்து நகரத் தொடங்குகிறது. காற்றுக்கும் அதற்கும் இடையிலிருந்த வேக வித்தியாசம் இல்லாமல் போகிறது, தூக்குவிசை போய்விடுகிறது, தள்ளாடித் தள்ளாடி இறங்குகிறது. காற்று போகிற திசையில் போகிறவனுக்குப் பறத்தல் இல்லை. எதிர்ப்பு இருந்தால்தான் உயரம். இது தத்துவமல்ல, வெறும் இயக்கவியல்.

டீல் போடுகிற காத்தாடிக்கு வால் கிடையாது. வால் இல்லாமல் அது எப்படி நிலைத்து நிற்கிறது? நூலைச் சுண்டி இழுத்தால் குறுக்கே இருக்கிற மூங்கில் வில் பின்னோக்கி வளைகிறது. இரண்டு பக்கமும் மடங்கிப் படகின் அடிபோல ஆகிறது. அந்த வடிவத்தில் ஒரு பக்கம் சரிந்தால் சரிந்த பக்கத்தில் காற்று அதிகம் பிடித்து நிமிர்த்திவிடும். ஆகவே காத்தாடி தலை காட்டுகிற திசையில் நேராகப் பாய்கிறது. நூலைத் தளர்த்தினால் வில் நிமிர்ந்து தாள் தட்டையாகிறது. நிலைப்பு போய்விடுகிறது, காத்தாடி சுழல்கிறது. வேண்டிய திசைக்குத் தலை திரும்பியதும் மறுபடி சுண்டல். இழு, விடு - இந்த இரண்டை வைத்துக்கொண்டே இடமும் வலமும் மேலும் கீழும் ஓட்டிவிடுகிறார்கள். பயணிகள் விமானத்தை முன்னாலிருந்து பாருங்கள். இரண்டு இறக்கைகளும் லேசாக மேல்நோக்கி ஏறியிருக்கும். அதே காரணம்தான். 'டீல்' என்ற சொல் ஆங்கிலம் அல்ல. நூலைத் தளர்த்தி விடுவதற்கு இந்துஸ்தானியில் வழங்கும் சொல். 'டீல்ல வுட்டுட்டான்' என்ற மெட்ராஸ் வழக்கும் இங்கிருந்தே வந்ததாகப் படுகிறது.

5

விமானத்தின் வரலாறு காத்தாடியின் வரலாறுதான். 1804இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கேய்லி செய்த முதல் மாதிரி, ஒரு கோலின் மேல் பொருத்திய காத்தாடி, பின்னால் திருப்பக்கூடிய வால். 1893இல் ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் பெட்டிக் காத்தாடி செய்தார். அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1899இல் இறக்கையை முறுக்கித் திருப்பும் தங்கள் யோசனையை ஒரு காத்தாடியில்தான் சோதித்தார்கள். 1900இல் செய்த முதல் பெரிய கிளைடரையும் பெரும்பாலும் ஆளில்லாமல் கயிறு கட்டிக் காத்தாடியாகவே பறக்கவிட்டு, அதன் இழுப்பைச் சுருள்வில் தராசால் அளந்தார்கள்.

அளந்தபோது ஒரு விஷயம் வெளிப்பட்டது. அப்போது வழக்கிலிருந்த சூத்திரத்தின்படி கிடைக்க வேண்டிய தூக்குவிசை கிடைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஸ்மீட்டன் பெயரால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவந்த ஓர் எண், உண்மையில் இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம். சகோதரர்கள் 1901இல் ஒரு மரப்பெட்டியில் விசிறி வைத்துக் காற்றுச் சுரங்கம் செய்தார்கள். ஏறக்குறைய 200 இறக்கை வடிவங்களைச் சோதித்துத் தங்கள் அட்டவணையைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 1903 டிசம்பர் 17இல் 12 நொடிகள், 120 அடி பறந்தார்கள். இரண்டு பேருக்கும் பட்டம் கிடையாது. அதற்கு ஒன்பது நாள் முன்புதான், அமெரிக்கப் போர்த்துறையின் 50,000 டாலரோடு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர் லாங்லி கட்டிய விமானம் இரண்டாம் முறையாக ஆற்றில் விழுந்திருந்தது.

இறக்கையின் தூக்குவிசையைக் கணிதமாக்கிய குட்டா (1902), ஷுகோவ்ஸ்கி (1906), பிராண்டல் ஆகியோரின் கோட்பாடுகள் இதே காலத்தில் தனியாக வளர்ந்தவை. ரைட் சகோதரர்கள் அவற்றைப் படித்துவிட்டுப் பறக்கவில்லை. அதனால் கோட்பாடு தேவையில்லை என்று ஆகிவிடாது. 12 நொடிப் பறத்தல் 12 மணி நேரப் பறத்தலாக மாறியது கோட்பாட்டால்தான். கைப்பழக்கத்துக்கு ஓர் அளவு வரைதான் எட்டும். ஆனால் கோட்பாட்டைக் கை திருத்தியது என்பதும் வரலாறுதான்.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜாகோமோ டாஞ்செலிஸ் 1910இல் இங்கே ஒரு விமானம் பறக்கவிட்டார். அதைக் கட்டிக்கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி. குதிரை வண்டி கட்டுவதில் பேர்போன பட்டறை அது.

6

இதையெல்லாம் இப்போது ஏன் எழுத வேண்டும்? 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், வேத காலத்திலேயே கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் விமானங்கள் இருந்தன என்று ஓர் அமர்வில் வாசிக்கப்பட்டது. ஆதாரம் 'வைமானிக சாஸ்திரம்'. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஐந்து ஆய்வாளர்கள் 1974லேயே அதைப் பரிசோதித்து, அது 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்றும், அதில் வரைந்துள்ள வாகனங்கள் பறக்க வல்லவை அல்ல என்றும் காட்டிவிட்டார்கள். அதன் பிறகும் அது மேடையேறுகிறது. நம் பக்கமும் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியைக் காட்டி 'தமிழன் அன்றே விமானம் விட்டான்' என்று பேசுகிற மேடைகள் உண்டு. மயிற்பொறி ஓர் அழகான கற்பனை. கற்பனையைக் கற்பனையாக மதிக்காதவர்கள்தான் அதைக் காப்புரிமைப் பத்திரமாக்குகிறார்கள்.

இந்த இரண்டு பெருமைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஏட்டில் பறக்கிற விமானத்துக்குச் சாய்வு எத்தனை பாகை என்று யாரும் கேட்பதில்லை. அது தவறாகவே இருக்க முடியாது, ஆகவே திருத்தவும் முடியாது. 'ஒரே நேரத்தில் சேரும்' காற்றை ஒப்பித்து மதிப்பெண் வாங்குகிற பழக்கமும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன்தான். அறிவியல் புத்தகத்தைச் சாஸ்திரமாக வாசிக்கப் பழகியவன், சாஸ்திரத்தை அறிவியல் என்று சொன்னாலும் நம்புவான். மொட்டை மாடிப் பையனின் சூத்திரமோ தப்பானால் காத்தாடி அந்த நிமிடமே குத்துக்கரணம் போட்டுச் சொல்லிவிடும். அவன் அவிழ்த்து மறுபடி கட்டுவான். அறிவியலின் முறை அதுதான். எண்களும் சமன்பாடுகளும் அவனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பது நம் பள்ளிகளின் குறை. அவன் கையிலுள்ளது அறிவே அல்ல என்று சொல்வது சாதியின் பழைய பாடம்.

காத்தாடியைப் புனிதமாக்கவும் வேண்டாம். 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில், அப்பாவின் வண்டியில் முன்னால் உட்கார்ந்து போன மூன்று வயதுக் குழந்தையை மாஞ்சா நூல் கழுத்தை அறுத்துக் கொன்றது. கண்ணாடித் தூள் பூசிய நூலையும் நைலான் நூலையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017லேயே நாடு முழுக்கத் தடை செய்தது. அந்தத் தடை நியாயமானது, அதில் 'எங்க ஏரியா கலாச்சாரம்' என்று வாதாட ஒன்றுமில்லை. ஆனால் அறுக்கிறது மாஞ்சா, காத்தாடி அல்ல. சாதாரணப் பருத்தி நூலில் காத்தாடி இதே உயரம் ஏறும், இதே சூத்திரத்தை இதே போலக் கற்றுக்கொடுக்கும். நூலைத் தடை செய்த கையோடு காத்தாடி விடுகிற பையன்களையே ரௌடிகளாகப் பார்க்கிற பார்வையும் சேர்ந்து வருமானால், அது பாதுகாப்பு ஆகாது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ உள்ள ஒரு மாநகராட்சிப் பள்ளியில், மின்கம்பி இல்லாத மைதானமாகப் பார்த்து, பிற்பகல் கடக்காத்து தொடங்கிய பிறகு பருத்தி நூலோடு ஒரு காத்தாடியை ஏற்றச் சொல்லலாம். சூத்திரத்தை ஒரு விரற்கடை மாற்றி, நூல் தரையோடு செய்யும் கோணத்தைப் பாகைமானியால் அளக்கச் சொல்லலாம். சுருள்வில் தராசில் இழுப்பைப் பார்க்கச் சொல்லலாம். ஐந்து முறை மாற்றி ஐந்து முறை எழுதினால் ஓர் அட்டவணை கிடைக்கும். அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, புத்தகத்தில் இருக்கிற இறக்கைப் படத்தைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டியது புத்தகத்தின் பொறுப்பு.